ஒழுகும் வண்டியில் போன தாய்மாமன்

போன தை மாதத்தின் கடைசி முகூர்த்த நாள். மீமிசலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. இலுப்பூரிலிருந்து நானும் என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பஸ்ஸில் போயிருக்கலாம். போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் போக மூன்றாவதாக ஒரு வியாதி உண்டு, பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள். எனக்கு மூன்றாவதுதான் முதலில் வந்தது. நான் வாங்கியது செயின் இல்லாத வண்டி. செயினுக்குப் பதில் ஓர் இரும்புத் தண்டு சுழன்று, பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் கியர் பெட்டி வழியாக அதைச் சுழற்றும். அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் ஆயில். "செயின் தொங்காது, அறுந்துபோகாது, ஆயில் போடுற வேலையே இல்ல" என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்திருந்தேன். அந்தப் பெருமைக்கு ஆயுத பூஜை வரைதான் ஆயுள்.

பூஜை முடிந்த வாரத்தில் ஒழுக ஆரம்பித்தது. காலையில் என் மனைவி போட்ட வாசல் கோலத்தில், வண்டி ஒரு சுற்றுப் போய்வந்து நின்ற இடத்தில், புள்ளிக் கணக்கில் சேராத ஒரு கறுப்புப் புள்ளி. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் கோலத்தையே வண்டி தன் போக்கில் போட்டது.

ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் போயிருக்கும் என்று வெளிநாட்டிலிருந்து சீல் வரவழைத்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் பெட்டியைப் பிரித்து மாற்றினார். வேலை முடிந்ததும் கடையின் சாமி படத்தடியில் இருக்கும் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு, பெட்டியின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். அது அவர் தொழில் முறை. வண்டி ஓடினால் ஒழுகியது, சூடு ஆறினால் நின்றது. மறுபடி சீல். மறுபடி பொட்டு. "வண்டில ஒரு கொறையும் இல்லண்ணே, ஒழுகுறது மட்டுந்தான்" என்றார். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, கூரை மட்டும் இல்லை என்பது போல.

ஆயிலை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சீலைச் சுற்றிப் பசை தடவச் சொன்னார்கள், தடவினேன். கண்ணேறு என்றார்கள். யோசித்துப் பார்த்தால் இந்த வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை. பெட்டியை ஒட்டியே பின் பிரேக்கும் இருப்பதால் ஆயில் அதிலும் இறங்கியது. என் மனைவி அவ்வப்போது ஏதோ சொல்ல வருவாள். ஊர் முழுக்க ஆலோசனை கேட்டு அலுத்துப்போன ஒரு நாளில், "இந்த வீட்டுல வண்டியப் பத்தி இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சட்டம் போட்டேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

காதுகுத்துக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, நல்ல நேரம் பத்தரையோட முடியுது. ஆசாரிக்கு அடுத்து வேற வீடு இருக்கு. நீ வர லேட்டானா நம்ம பெரியப்பா மகன் மடியில ஒக்கார வச்சுருவோம்னு இவுக வீட்டுல பேசுறாக. நான் ஒத்துக்கிடல. வந்து சேந்துரு." தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். சொந்த மாமன் உயிரோடு இருக்க வேறு மடி என்றால், அது அவளுக்குப் புகுந்த வீட்டில் காலத்துக்கும் சொல்லிக்காட்டுகிற சங்கதியாகிவிடும்.

போனை வாங்கிய மாப்பிள்ளை, "மச்சான், பஸ்ல வாரீங்களா, இல்ல ஒங்க எண்ணெச் செக்குலயா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் பஸ் என்கிற எண்ணம் செத்தது.

புதுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை ராஜநடை. ஆவுடையார்கோயில் ரோட்டில், ஜெகதாப்பட்டினத்துக்கு ஐஸ் ஏற்றிப் போன வேன் ஒன்று முன்னால் திடீரென்று நின்றது. பின் பிரேக்கை மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்தது போல இறங்கியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஒரு முறை துள்ளி, வேனின் பின்கதவை முகர்ந்துகொண்டு நின்றது. வேனும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அது தண்ணீர், அதனால் யாரும் அதைக் கேலி செய்வதில்லை.

பின்னாலிருந்து என் மனைவி, "ஐஸ் பொட்டிக்குள்ளயே ஏத்திருப்பீங்கன்னு நெனச்சேன். நம்மள வைக்கத் தனியா ஐஸ் பொட்டி வாடகைக்கு எடுக்குற செலவு மிச்சமாயிருக்கும்" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். சக்கரமெல்லாம் ஆயில். பெட்டி கொதித்தது. எங்கே போனாலும் நான் பையில் ஆயில் பாட்டில் வைத்திருப்பேன், சிலர் மாத்திரை வைத்திருப்பது போல. ஊற்றலாம் என்று பெட்டியின் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று சீறி, காதுகுத்துக்கென்று கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் ஆயிலைப் பீய்ச்சியது.

"குக்கர் மாதிரி சீறுதே. இதுக்கு ஆவி போற வழி எங்க இருக்கு?"

"நீ சும்மா இரு."

"போன மாசம் வீட்டுல தொறந்தப்பவும் இப்படித்தான் சீறுச்சு. சொல்ல வந்தேன். நீங்கதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க."

அவள் குனிந்து பெட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். பெட்டியின் தலையில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு குமிழ். அதன் மேல் சந்தனப் பொட்டு, ஆயிலும் புழுதியும் சேர்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். கீழே ஒரு சின்ன ஓட்டை. ஊக்கை உள்ளே விட்டுக் குடைந்ததும் மஞ்சளாக ஒரு கட்டி வெளியே வந்தது. உள்ளே சூடாகும் காற்று வெளியேற வைத்த வழி அது. அதை அடைத்துவிட்டதால் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டால்தான் என்ன.

"பூஜையன்னிக்கு இதுல பொட்டு வச்சது யாரு?" என்றேன், கொஞ்சம் உற்சாகமாகவே.

"நாந்தான். 'இதுதான் வண்டிக்கு உசுரு, நல்லா அப்பி வையி'ன்னு கையப் பிடிச்சுக் காட்டுனது யாரு?"

உற்சாகம் அத்துடன் முடிந்தது. இடையில் மெக்கானிக் வேறு பக்தியோடு மேல்பூச்சு பூசியிருக்கிறார்.

ஆயிலை ஊற்றி மூடி, முன் பிரேக்கை மட்டும் நம்பி மாட்டுவண்டி வேகத்தில் போனோம். மீமிசல் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. பந்தலில் பெரியப்பா மகன் மடியில் குழந்தை. எதிரில் ஆசாரி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊசி டப்பா என் தங்கையின் முந்தானை முடிச்சுக்குள் இருந்தது.

"எங்கண்ணன் வராம இது வெளிய வராதுன்னு நிக்கிறா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நல்ல நேரம் போயிருச்சு. அத அவகிட்டச் சொல்ற தைரியம் இங்க யாருக்கும் இல்ல."

தங்கை என் வேட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். மாப்பிள்ளை தன் புதுத் துண்டை என் மடியில் விரித்தார். குழந்தை என் கறுப்பு விரலைப் பிடித்து ஆராய்ந்து, தன் கன்னத்தில் தேய்த்துக்கொண்டது. ஊசி இறங்கியபோதுதான் அழுதது. எல்லாப் போட்டோவிலும் அந்தக் கறை இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துப் பலர் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு பிரேக் கட்டையை மாற்றினேன். வண்டி ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு என் மனைவி சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "எங்கெங்க வைக்கலாம்னு ஐயாவே சொல்லட்டும்" என்றாள். அந்தக் குமிழை மட்டும் விட்டுவிட்டோம்.

அடைபட்ட ஓட்டையைவிட, அவள் அந்தச் சீறலை முன்பே கேட்டிருந்தாள் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால் இப்போதெல்லாம் எது ஒழுகினாலும், சீலை மாற்றுவதற்கு முன், சொல்ல வந்த யாரையாவது சும்மா இருக்கச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.