இழுத்தால் நிற்கவேண்டிய எஞ்சின்

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. பழைய தொலைபேசி வயர்போலச் சுருள் சுருளாக இருக்கும். ஒரு முனையில் மணிக்கட்டில் மாட்டும் வளையம், மறுமுனையில் சின்ன பிளாஸ்டிக் கவ்வி. வள்ளத்தை எடுக்குமுன் வளையத்தைக் கையிலும் கவ்வியைச் சுக்கானுக்குப் பக்கத்துச் சுவிட்சிலும் மாட்டவேண்டும். ஓட்டுகிறவன் கடலில் விழுந்தால் கவ்வி கழன்று எஞ்சின் நின்றுவிடும். சொந்த வள்ளமே திரும்பிவந்து அவனை வெட்டாது. இருபத்தெட்டு வருடம் கந்தோர்க் கதிரையைத் தேய்த்துவிட்டு, ஓய்வுபெற்றபின் உல்லாசப் பயணிகளுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டக் கிளம்பிய என்போன்ற மேதாவிகளுக்காகவே கண்டுபிடித்த கயிறு அது.

அந்தக் கயிற்றை வைத்து நான் ஒரு நாடகமே நடத்திவந்தேன். பயணிகள் ஏறியதும் கையை உயர்த்திக் காட்டி, "நான் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். ஆறுதலாக என்னைத் தூக்குங்கள். எஞ்சினைவிட என்னைத் திருத்துவது சுலபம்" என்பேன். தமிழில் சிரிப்பார்கள், சிங்களத்தில் சிரிப்பார்கள், ஆங்கிலத்தில் என் இலக்கணத்துக்குச் சிரிப்பார்கள். "கலியாணத்துக்குப் போட்ட மோதிரத்தை இப்பிடி ஒருநாளும் கவனிச்சதில்லை" என்று மனைவி குத்துவாள். அதுவும் உண்மைதான்.

ஒருமுறை நடுத்துறையில் எஞ்சின் சும்மா சும்மா நிற்கத் தொடங்கியது. நான் பிளக்கை மாற்றினேன், பெற்றோல் வடியைக் கழுவினேன், குழாயை ஊதினேன். என் வாய் நாறியதுதான் மிச்சம். கடைசியில் பாஸிடம் போனேன். எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அவருடைய பட்டறை, வள்ளங்கள் கட்டும் ஜெட்டியின் தலைமாட்டிலேயே இருக்கிறது. வேலைசெய்யும்போது அவரிடம் ஒரு பழக்கம்: வயரைச் சுற்றிய டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிடுவார். "பிறகு கழட்டிறவனுக்கு நகம் நோகக் கூடாது, அண்ணை" என்பார். முகம் தெரியாத ஒருவனின் நகத்துக்காகக் கவலைப்படும் மனிதன் என்று நான் உருகிப்போவேன்.

பாஸ் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சுவிட்சின் பின்னால் இருந்த கறுப்பு வயரைக் கழற்றினார். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

"சுவிட்சுக்குள்ள உப்புப் பூத்திட்டுது. நீங்க குந்தியிருக்க, விழுந்திட்டீங்கள் எண்டு அது நினைச்சு நிப்பாட்டுது. கொழும்பிலயிருந்து புதுசு வர வேணும்."

"நாளைக்கு ஆக்கள் வருகினம், பாஸ். நான் ஓடாமல் ஏலாது."

மறுநாள் விடியப் போனபோது, "போட்டாச்சு" என்றார். சுவிட்ச் பளபளவென்று இருந்தது. ஒரே இரவில் கொழும்பிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "இழுத்துப் பாக்கப் போறீங்களோ?" என்று கேட்டார். நான் பெரிய மனிதனாக, "உங்கட வேலையை நான் சோதிக்கிறதோ!" என்றேன். அவர் குனிந்து ஒரு ஸ்பானரைப் பொறுக்கினார். அன்று முழுவதும் ஜெட்டியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்து திரிந்தேன்.

வள்ளத்தை எப்போதும் சாவியைத் திருப்பித்தான் நிறுத்துவேன். ஆகவே ஒரு வருடத்துக்குக் கிட்ட எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ் தன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இடமிருந்தும் என்னோடு ஒட்டி உட்கார்ந்து, வழி முழுவதும் சாவியில் விரலை வைத்தபடியே வந்தார். தான் திருத்திய எஞ்சின்மேல் மனிதனுக்கு எவ்வளவு பாசம் என்று மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, ஆட்களை ஏற்றத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். கிண்ணியாப் பக்கத்து மீன்பிடி வள்ளமொன்றில் தெரிந்தவர் ஒருவர் தென்பட்டார். எழுந்து நின்று கை காட்டினேன். அதே நேரம் கப்பலொன்றின் அலை வந்து தாக்கியது. காட்டிய கையோடு கடலுக்குள் போனேன். கயிறு தன் வேலையைச் சரியாகச் செய்தது. கவ்வி கழன்று என் கையோடு வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. ஆளில்லாத வள்ளம் அரைவட்டம் அடித்து என்னை நோக்கி வந்தது. மூழ்கினேன். மேலே அது கடந்துபோகும் இரைச்சல் பல்லுக்குள் கேட்டது. எழுந்தபோது மறுபடியும் திரும்பிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசைதான், வந்ததெல்லாம் என் நாடக வசனம்: "ஆறுதலாக என்னைத் தூக்குங்கள்." மூன்றாம் சுற்றில் அந்த மீனவர் தன் வலையை அதன் வழியில் எறிந்தார். வலை சுற்றிக்கொண்டு எஞ்சின் திணறி நின்றது.

கரைக்கு வந்ததும் ஈரச் சாரத்தோடே சுக்கான் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு வயர் எதிலும் பூட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் அழகாக டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி மடித்திருந்தது. என் நகம் நோகவே இல்லை.

பட்டறைக்குப் போய்க் கயிற்றை மேசையில் வைத்தேன். பாஸ் என் ஈரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். மேசை லாச்சியை இழுத்தார். புதிய சுவிட்ச், உறைகூடப் பிரிக்காமல் உள்ளே கிடந்தது.

"எப்ப வந்தது?"

"அடுத்த மாசமே வந்திட்டுது, அண்ணை. அண்டைக்குப் பழசைத்தான் மினுக்கி விட்டனான். அதுக்குள்ள நீங்க ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்திட்டீங்கள். போடேல்லை எண்டு பிறகு எப்பிடிச் சொல்லுறது? நீங்க நல்லாத்தானே ஓடிக்கொண்டிருந்தீங்கள்... விழமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

என் புகழ்ச்சிதான் அவர் வாயைக் கட்டியது என்றால் நானும் கூட்டுக்குற்றவாளிதான். அதுவரை மன்னிக்கத் தயாராகவே இருந்தேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க ஏலவில்லை.

"அண்டைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்த நேரம் ஏன் சாவியில கையை வைச்சிருந்தனீங்கள், பாஸ்?"

அவர் சுவிட்சை எடுத்து உறையைப் பிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு காலையும் நான் கயிறு கட்டுவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்துக் கை காட்டிய மனிதர் அவர்.

"வள்ளத்துச் சாவியைத் தாங்கோ, இப்பவே போட்டுத்தாறன்" என்றார் கடைசியில். நான் சுவிட்சை வாங்கிக்கொண்டு நடந்தேன். நானேதான் பூட்டினேன். முதல்முறை சாவியைத் திருப்ப ஹோர்ன் அடித்தது. மூன்றாம் முறை சரிவந்தது. டேப்பைச் சுற்றி முடித்தபோது, என்னை அறியாமல் நுனியை மடித்துவிட்டிருந்தேன்.

கயிற்றை மாற்றவில்லை, அதில் ஒரு பிழையும் இல்லை. இன்றும் காலையில் அதை ஆணியிலிருந்து எடுத்துப்போய், எஞ்சினை இயக்கி, ஒருமுறை இழுக்கிறேன். எஞ்சின் நின்று, ஜெட்டி முழுவதும் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பட்டறையின் சுத்தியலும் நின்றுவிடும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கவ்வியைத் திரும்ப மாட்டி, எஞ்சினை இயக்குகிறேன். அதற்குப் பிறகுதான் சுத்தியல் மறுபடி அடிக்கத் தொடங்கும்.