மேடம் சொன்ன ‘எஸ்’

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மேடம் என்னிடம் கேட்டது பேங்க். நான் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பேக்கரி வாசலில். அவர் கோபப்படவில்லை. இறங்கி இரண்டு பன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் பயம். டிராவல்ஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை போனால் அன்றோடு வேலை முடிந்தது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வந்திருந்த கொரிய அதிகாரியின் குடும்பத்துக்கு நான் டிரைவர். காலையில் ஸ்ரீபெரும்புதூர் குடியிருப்பிலிருந்து சாரை வேலைக்குக் கொண்டுபோய் விடுவேன். அதன் பிறகு மேடத்துக்கும் அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தைக்கும் வண்டி ஓட்ட வேண்டும். சார் நன்றாக ஆங்கிலம் பேசுவார். மேடம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். நான் அதுவும் இல்லை.

என் மனைவி பன்னிரண்டாவது முடித்தவள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க, பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

“நான்தான் மேடம்னு நெனச்சிக்கோ. எங்க போவணும்னு கேளு.”

எனக்கு வார்த்தை வராது. நெற்றியைத் துடைத்துக்கொள்வேன்.

“இன்னாய்யா, என்னான்ட பேசறதுக்கே இப்டி வேர்க்குது?”

“நாளைக்கிப் பாத்துக்கலாம் வுடு.”

“நாளைக்கி நாளைக்கின்னு தள்ளிகினே போனா வேற ஆள வெச்சிகினு பூடுவாங்க.”

எத்தனையோ முறை படிப்பதை விட்டுவிட்டேன். விட்ட மறுநாளே வண்டியில் ஏதாவது புரியாமல் போகும். பயத்தில் மறுபடியும் உட்காருவேன். ஆசையில் படித்தேன் என்று சொன்னால் பொய்.

மெல்ல மெல்ல எனக்கும் மேடத்துக்கும் வண்டிக்குள் ஒரு ஆங்கிலம் உண்டானது. வினைச்சொல்லே இல்லாத ஆங்கிலம். “டுமாரோ, சேம் டைம், மேடம்?” “டுமாரோ, நோ. ஃப்ரைடே.” அதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏசியைக் குறைக்கவா என்று கேட்டால் எஸ் என்பார். கூட்டவா என்றாலும் எஸ் என்பார். புரியாதபோதெல்லாம் அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான். என் வாயிலும் அதுதான் வரும் என்பதால் எனக்கு அது சட்டென்று தெரிந்துவிட்டது.

ஒருநாள் மறைமலை நகரில் இருந்த தோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குழந்தைக்குக் காலையிலிருந்தே லேசாகக் காய்ச்சல். ஒரகடம் நெருங்கும்போது கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பின்னால் மேடம் அவர்கள் மொழியில் அலறினார். கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மேடம் அதன் வாய்க்குள் விரலை விடப் பார்த்தார்.

என் மகனுக்கும் ஒருமுறை காய்ச்சலில் இப்படி வந்தது. வாயில் எதையும் வைக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை என்று அப்போது டாக்டர் சொன்னது தமிழில் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

“மேடம், நோ ஃபிங்கர். பேபி திஸ் சைடு. திஸ் சைடு.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் குழந்தையைத் திருப்பிப் பிடித்தார். நான் ஹாரனில் கை வைத்தபடியே இடது பக்க மண்ணில் வண்டியை இறக்கி, முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனைக்குள் நுழைந்தேன்.

இழுப்பு நிற்கவில்லை. நர்ஸ் ஊசியோடு நின்றாள். இளம் டாக்டர் வேகமான ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேடம் “எஸ், எஸ்” என்றார். டாக்டர் நிமிர்ந்து, எந்த மருந்து என்று கேட்டார். அதற்கும் எஸ்.

“சார், அவங்களுக்குப் புரியல” என்றேன். “புரியலன்னா எஸ்தான் சொல்வாங்க.”

“குழந்தைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கான்னு கேட்கணும். நீங்க கேளுங்க, சீக்கிரம்.”

பேக்கரிக்குப் போனால் திரும்பி பேங்குக்குப் போய்விடலாம். இதில் தவறாகக் கேட்டால் திரும்ப முடியாது. மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

“மேடம். லிசன். பிஃபோர். பேபி மெடிசின் ஈட்.” என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். “ஆஃப்டர், ஹியர் பிக்? பாடி ரெட்?” கையைச் சொறிந்து காட்டினேன். “எனி டைம்?”

அவர் என் உதட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைப் பலமாக ஆட்டினார்.

“நோ. மெடிசின், ரெட், நோ. நெவர்.”

அவர் வாயிலிருந்து அவ்வளவு திடமான நோ-வை நான் கேட்டதில்லை.

“உறுதியாத்தானே சொல்றாங்க?” என்றார் டாக்டர்.

“ஆமா சார்” என்றேன்.

ஊசி போட்டார்கள். கொஞ்சநேரத்தில் இழுப்பு அடங்கிக் குழந்தை தூங்கியது. எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நான் மட்டும் கட்டிலின் ஓரமாக நின்று அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தாலும், இது காய்ச்சலாலா, நான் தப்பாகக் கேட்டதாலா என்று குனிந்து பார்ப்பேன். மேடம் போன் செய்து சார் ஓடிவந்தபோது, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். எல்லாம் தப்பும் தவறுமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். குழந்தை விழித்து, அழுது, தண்ணீர் கேட்ட பிறகுதான் நான் வெளியே போய் டீ குடித்தேன்.

அந்த வாரம் மனைவியிடம், “உடம்புக்கு உண்டான வார்த்தைங்க எல்லாத்தையும் சொல்லிக்குடு” என்றேன்.

“இன்னாத்துக்கு, டாக்டருக்குப் படிக்கப்போறியா?”

“பயமா கீது. அதான்.”

அவள் சிரிக்கவில்லை. தெரியாத சொற்களைப் போனில் தேடிச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் நாளைக்கு என்று சொன்னதில்லை.

அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. இப்போது வேறொரு சாருக்கு ஓட்டுகிறேன். ஜெர்மன்காரர். மூக்காலேயே பேசுவார், பாதி எனக்குப் பிடிபடாது. இன்றைக்கும் அவர் பின்கதவைத் திறக்கும்போது பயம் இருக்கத்தான் செய்கிறது. இன்று காலையில் ஏதோ கேட்டார். எஸ் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “சார், ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட். ஒன்ஸ் மோர் ப்ளீஸ்” என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். பெட்ரோல் போட வேண்டுமா என்றுதான் கேட்டிருந்தார்.