ஆறெழுத்துத் திருட்டு

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே எனக்குத் திருட்டுப் புத்தியும் வந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அப்போது அத்தையும் எங்களோடு இருந்தாள். பங்குக் கோயில் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சர். யாரோ வேண்டாமென்று விற்ற கம்ப்யூட்டரை வாங்கி எங்கள் டிவியில் மாட்டி, மார்க்கைக் கூட்டி ரேங்க் போடும் புரோகிராம் ஒன்றை நாலு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பள்ளியை நடத்தும் மதர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு வரும், அத்தைக்கு வேலை நிரந்தரமாகும். வீடே அதற்காக ஜெபித்தது.

புரோகிராம் தொடங்கியதும் திரையில் பெரிதாக அத்தையின் பெயர் வரும். எனக்கு அதன்மேல்தான் கண். புரோகிராமைப் பதிந்து வைத்த ஃப்ளாப்பித் தட்டில் இருப்பதை எழுத்தெழுத்தாகத் திறந்து திருத்துவது எப்படி என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்து வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அவள் பெயருக்கும் ஆறெழுத்து, என் பெயருக்கும் ஆறெழுத்து. வெள்ளிக்கிழமை அவள் பூசைக்குப் போன நேரத்தில், அவள் பெயரை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். இடம் கச்சிதமாகப் பொருந்தியது. மதர் வந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புரோகிராமின் வாலிலும், அதிலுள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டுப் போட்ட சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். ஏற்றும்போது இயந்திரம் தானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கும், ஒத்துவராவிட்டால் உள்ளே விடாது. சனிக்கிழமை மதர் காபியோடு உட்கார்ந்திருக்க, திரையில் ஒரு பிழை எண் மட்டும் வந்து நின்றது. அத்தை மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதேதான்.

“கரண்ட் சரியா வர்லபோல,” என்றார் அப்பா.

“என்ன டீச்சர், நேத்துகூட ஓடுச்சுன்னீங்களே?” என்றார் மதர்.

அத்தை ஃப்ளாப்பியை வெளியே எடுத்துத் துடைத்து மூன்றாம் முறையாகப் போட்டாள். அவள் காதில் போய்ச் சொன்னேன். “அத்தை, உங்க பேர எடுத்துட்டு என் பேரப் போட்டுட்டேன்.”

என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டே நிமிஷம் மதர்,” என்று ஏதோ கட்டளை அடித்து, புதிதாகக் கணக்கிட்ட எண்ணை வாலில் எழுதவைத்தாள். புரோகிராம் ஓடியது. திரையில் பெரிதாக என் பெயர்.

“இது யாரு டீச்சர்?”

“இதோ, இவதான். ஒரு எழுத்து மாறினாக்கூட மெஷின் கண்டுபிடிச்சிரும் மதர். அதை உங்களுக்குக் காட்டினதே இவதான்.”

மதர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு ரேங்க் பட்டியலைப் பார்க்க உட்கார்ந்தார். அடுத்த ஜூனில் அத்தைக்கு வேலை நிரந்தரமானது. பள்ளியில் அந்தப் புரோகிராம் என் பெயரோடுதான் பல வருடம் ஓடியது.

அவசரத்தில் என் பெயரை மாற்ற அவளுக்கு நேரமில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அடி வாங்காமல் தப்பித்த பெருமை வேறு. தன் ஆறெழுத்தை அவள் திரும்ப அடித்திருந்தாலே போதும், பழைய எண்ணே ஒத்துவந்திருக்கும், புது எண் எழுத வேண்டிய வேலையே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.