அசனத்துக்குப் போட்ட அரிசி

சென்னையில் நான் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மே மாத விடுமுறைக்கு வெளியூர் போய் வந்தவர்கள், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, பயணத்தில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த பாடம் என்னவென்று சொல்ல வேண்டும். ஒருவர் கொடைக்கானல் மேகத்தில் மகிமையைக் கண்டிருப்பார். இன்னொருவருக்கு ரயில் தவறியிருக்கும். கர்த்தருடைய வேளை வேறு என்று விளங்கியிருக்கும். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வரும். பாடம் என்றால் கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா? ரயில் தவறினால் அடுத்த ரயிலைப் பார்க்க வேண்டியதுதானே.

இந்த வருடம் எனக்கும் ஒன்று கிடைத்தது. மைக்கில் சொல்ல விடுவார்களா என்று தெரியாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

விடுமுறைக்கு நான் அருப்புக்கோட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் பவர்லூமில் வேலை பார்க்கிறார். இந்து. இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அப்போதே எங்கள் ஊர்ச் சபை ஒரு வழி சொன்னது: மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் கோயிலிலேயே தாலி கட்டிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். தங்கச்சி ஒப்பவில்லை.

"ஞானஸ்நானம் எடுத்தா அவுக மனசா எடுக்கணும். என்னையக் கட்டுறதுக்காக எடுத்தா அது சாமிய ஏமாத்துறதுல்ல" என்றாள்.

இதைவிட விசுவாசமான பேச்சை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. ஆனால் சபை அவளைத்தான் நீக்கியது. திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது, சபையில் பேர் கிடையாது. அவளோ ஞாயிறு தவறாமல் திருச்சுழி பஸ் ஏறி எங்கள் ஊருக்குப் போய்க் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவாள். டவுனில் வேறு சபை இருக்கிறதே என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இது நான் பிறந்த கோயில் என்பாள்.

மே மாதம் அந்தக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை வரும். கோயில் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுவது. அன்றைக்கு அசனம். சபையார் வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். ஒன்றாக ஆக்கி ஊருக்கே பந்தி வைப்பார்கள். எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரிசி போடுவதற்குச் சபையில் பேர் இருக்க வேண்டும். என் தங்கச்சி சாப்பிடலாம், கொடுக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அரிசியோடு போனாள், ஒவ்வொரு வருடமும் அரிசியோடு திரும்பினாள். பந்தியிலும் உட்காராமல் வந்துவிடுவாள்.

இந்த வருடம் நான் போனபோது பை தயாராக இருந்தது. எங்கள் வானம் பார்த்த பூமியில் கண்மாய் பெருகினால்தான் நெல். மற்றபடி கடை அரிசி, இல்லையென்றால் ரேஷன் அரிசி. இவள் கடையிலேயே ஒசத்தியான பொன்னியாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். திருப்பி அனுப்பப்போகிற சாமானுக்கு இவ்வளவு அக்கறையா?

என் பேரில் போட்டுவிடுகிறேன், ஒரு பேச்சும் வராது என்றேன். அவள் பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓம் பேர்ல போட்டா அது ஓம் அரிசி, அக்கா. எனக்கு இதான் கடைசி. இந்தத் தடவையும் வேணாம்னுட்டாகன்னா இனி நான் அந்தக் கோயிலுக்குப் போக மாட்டேன்."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவள். எனக்குப் பயம் வந்தது. அவள் போகாவிட்டால் கோயிலுக்கு ஒன்றும் ஆகாது. கடைசி வரிசையில் ஒரு இடம் காலியாகும், ஒருவரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். தங்கச்சி வீட்டுக்காரர் பையைக் கீழே வைக்காமல் திருச்சுழி ரோடு முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தன்னால்தான் இவளுக்கு இந்தப் பாடு என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. ஊரில் இறங்கியதும் பையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுக் கோயில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

முற்றத்தில் தார்ப்பாய் விரித்து அரிசியைக் குவித்திருந்தார்கள். ஓரத்தில் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சபைச் செயலாளர். எங்கள் பெரியப்பா மகன்தான், எங்களுக்கு அண்ணன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். இவர் சிரித்துக்கொண்டே, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறவர்.

"ஒனக்குத் தெரியாததாம்மா? நாளைக்குக் குடும்பத்தோட சாப்பிட வா, யாரு வேணாம்னா? அரிசி மட்டும் வேணாம்" என்றார்.

தங்கச்சி பையின் முடிச்சை அவிழ்த்தாள். எல்லாரும் பார்க்க, குவியலின் உச்சியில் கவிழ்த்தாள்.

அங்கேதான் அவளுடைய அக்கறையே அவளுக்கு வினையானது. குவியலில் பாதிக்கு மேல் ரேஷன் அரிசி, மங்கலாக, மொத்தையாக. அதன் மேலே இவளுடைய பொன்னி வெள்ளை வெளேரென்று தனியாகத் தெரிந்தது. அண்ணன் எழுந்து வந்து பார்த்தார்.

"மேலாப்புலதான கெடக்கு. அள்ளிக் குடுத்துருவோம்" என்று முறத்துக்குக் கை நீட்டினார்.

நான் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த பையனிடம், நீ எந்தச் சபை, உங்கள் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் எங்கே நடந்தது என்று ஆண்டவர் விசாரித்தாரா என்று கேட்டேன். விசாரித்திருந்தால் அன்றைக்கு அதைச் சாப்பிட்ட ஐயாயிரம் பேரும் பட்டினியாகத்தான் வீட்டுக்குப் போயிருக்கும் என்றேன். அண்ணன், மெட்ராஸ்காரி பிரசங்கம் பண்ண வந்துவிட்டாள் என்று சிரித்தார். சட்டம் சட்டம்தான் என்றார்.

"அப்ப அள்ளுங்கண்ணே. ஒரு மணி விடாம அள்ளணும். எங்க அரிசி ஒண்ணுகூட ஒங்க சோத்துல இருக்கக் கூடாது" என்றேன்.

அவர் குனிந்தார். அதற்குள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மா முன்னால் நகர்ந்து வந்தார். தங்கச்சிக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவர், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு கைகளையும் முழங்கை வரை குவியலுக்குள் விட்டு, மேலதைக் கீழாகவும் கீழதை மேலாகவும் புரட்டினார். வெள்ளை எங்கே போனது என்றே தெரியவில்லை.

"நீங்க பேசிக்கிட்டு இருங்க. எங்களுக்குக் கல்லுப் பொறுக்கணும், வெளிச்சம் போகுதுல்ல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மற்றப் பெண்களும் அவரவர் முறத்தில் அள்ளிக்கொண்டார்கள். அண்ணன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கச்சி காலிப் பையை நான்காக மடித்தாள். மடித்தது போதாதென்று இன்னும் மடித்துக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து பந்தி. தங்கச்சி வீட்டுக்காரரை நான் கையைப் பிடித்து இழுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பல வீட்டு அரிசியை ஒரே உலையில் போட்டால் ஒரே பதத்தில் வேகுமா? ரேஷன் அரிசி விறைத்துக்கொண்டிருந்தது, பொன்னி குழைந்து போயிருந்தது. வீட்டுக்காரர் எதிர் வரிசையில் சாப்பிடுகிறவர்களின் இலைகளை எட்டிப் பார்த்தார்.

"மதினி, கொழஞ்சது பூராம் நம்ம அரிசிதான்" என்றார் என்னிடம், மெதுவாக. ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் வரிசைக்குச் சோற்று வாளியோடு வந்தது அண்ணனேதான். எனக்குப் போட்டார். தங்கச்சி இலைக்கு முன்னால் வந்ததும் அகப்பை ஒரு கணம் நின்றது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போடுங்கண்ணே. அரிசி போட்டவ சாப்பிடலாம்ல" என்றாள்.

அவர் போட்டார். அவள் மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.