பொட்டு வைத்த படங்கள்

எங்கள் அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலில் நுழைந்த மனிதர் சுவரில் இருந்த படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாடி வாடகைக்குக் கெடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"உள்ள வந்தாரா இல்லியா? அதச் சொல்லு புள்ள."

அவள் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. நான் புதுச்சேரியில் ஓவியம் படித்து முடித்துவிட்டு, காரைக்காலுக்குத் திரும்பி, அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மதில் சுவரில் சித்திரம் வரையப் போன இடத்தில் இருவரும் பழக்கமானோம். "நம்ம ஊருக்குன்னு ஒரு கலைக்கூடம் வேணும்க்கா" என்று நான் சும்மா சொன்னதற்கு, மறுவாரமே அவள் சாவியோடு வந்து நின்றாள்.

தலத்தெருவில் இருந்த அந்த வீடு அவளுடைய தம்பியுடையது. வளைகுடாவில் வேலை பார்த்துச் சம்பாதித்துக் கட்டியது. ஊர் திரும்பியவர் கூட்டாளிகளோடு ஒரு விசைப்படகில் பங்கு சேர்ந்தார். ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் காரியம் முடிந்துவிட்டது. இவர்கள் வீட்டில் மட்டும் செய்யவில்லை. அக்காவின் அம்மா விடவில்லை.

"எவனாச்சும் கப்பல்காரன் ஏத்திக்கிட்டுப் போயிருப்பான். தெரியாத ஊர்ல எறக்கி விட்டுருப்பான். கையில பேப்பரு இல்லாம புள்ள எப்புடித் திரும்பி வரும்?"

வீட்டைத் தரும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவன் வந்துட்டா அன்னிக்கே காலி பண்ணிக் குடுத்துடணும்." அக்கா "சரிம்மா" என்றாள். அந்தச் சரியின் மேல்தான் எங்கள் அருங்காட்சியகம் நின்றது. தம்பியைப் பற்றி அவள் உள்ளுக்குள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் அறையில் மட்டும் ஆணி அடிக்கவில்லை.

முதல் கண்காட்சி, நான் எடுத்த பழைய கதவுகளின் புகைப்படங்கள். கூட்டமே இல்லை. கோடை விடுமுறையில் நிரவி, நெடுங்காடு பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரைய வைத்தோம். ஒரு சிறுமி வயல், வரப்பு, கொக்கு எல்லாம் போட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள்.

"ஏன்டா கண்ணு இதுக்குக் கலர் அடிக்கல?" என்றாள் அக்கா.

"தண்ணி இன்னும் வரலியே மிஸ். வந்தப்புறம் அடிச்சுக்கலாம்."

அந்தப் படத்தை வாசலுக்கு நேரே மாட்டினோம்.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் தெருவெல்லாம் நிறைந்தபோது, வாசலில் நீர்மோர்ப் பானை வைக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். மோர் குடித்தவர்கள் உள்ளே வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நண்பர் ஒருவர் செய்து கொடுத்த சுடுமண் பெண் சிலைக்கு முன்னால் யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன்.

"அணைக்காத, அணைக்காத!" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுவே அணையட்டும். நம்ம செலைய ஒருத்தராச்சும் கும்புட்டாங்களே."

அடுத்துத்தான் பெட்டிகள். வளைகுடா போய் வந்தவர்களின் பழைய பெட்டிகளை வாங்கி வைத்து ஒரு கண்காட்சி. கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, மார்க்கர் மையில் பெரிதாகப் பெயர் எழுதிய சூட்கேஸ், மூடியைத் திறந்தாலே அடிக்கும் அத்தர் வாசனை. நிறைய பெட்டிகளைச் சேர்த்துக் கொடுத்தது, முப்பது நாற்பது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்த ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் அவர் நானா. கடைத்தெருப் பக்கம் வீடு. தினமும் சாயங்காலம் வந்து, பார்க்க வந்தவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கண்காட்சிக்குத்தான் அம்மா முதல்முறையாக வந்தார். பெட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. நேரே நானாவிடம் போனார்.

"ஏங்க, அங்கெல்லாம் போனவங்க சேதியே இல்லாம இருக்குறது உண்டுங்களா?"

நானா அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்டும்மா. ஏன் இல்லாம? பாஸ்போட்டு இல்லாம ஜெயில்ல மாட்டிக்குவாங்க, பாலைவனத்துல ஆடு மேய்க்க விட்டுருவாங்க. ரொம்ப வருசம் கழிச்சு வந்தவுங்கள நான் பாத்துருக்கேன். அல்லா நாடுனா வருவாரு."

அதற்குப் பிறகு அம்மா ஒரு நாள் தவறாமல் வந்தார். நானாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரும்பி வந்தவர்களின் கதைகளையே திரும்பத் திரும்பக் கேட்டார். முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. பார், ஒரு கண்காட்சி என்ன செய்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அக்கா மட்டும் அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

மழை தொடங்கியபோது 'ஊர் முகங்கள்' என்று ஒன்று திட்டமிட்டோம். வீட்டுக்கு ஒரு முகம், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவது. இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்கவில்லை. அம்மா தானே வந்து மகன் படத்தைக் கொடுத்தார். நீலச் சட்டை, கொஞ்சம் சிரித்த மாதிரி முகம்.

"உசுரோட இருக்குறவங்க பக்கமா மாட்டு பாப்பா" என்று என்னிடம்தான் சொன்னார்.

படங்களையெல்லாம் மொத்தமாகச் சட்டக் கடைக்கு அனுப்பினோம். வந்து இறங்கியதைப் பிரிக்க எதிர் டீக்கடைக்காரர் கை கொடுத்தார். தன் படத்தைப் பார்த்ததும் அவர்தான் முதலில் கத்தினார்.

"என்னம்மா இது! எனக்கு என்னிக்குக் காரியம் வச்சிருக்கீங்க? சொன்னா நானும் சாப்புட வருவேன்ல?"

கண்ணாடி மேல், அவருடைய நெற்றிக்கு நேராக, சந்தனமும் குங்குமமும். எல்லாப் படத்துக்கும் அப்படியே. தொப்பி போட்டவர்களை மட்டும் விட்டிருந்தார்கள். கடைக்குப் போன் போட்டேன்.

"ஒத்தை ஒத்தை ஆளா இத்தன படம் பெருசாக்கச் சொன்னா நாங்க என்னன்னு நெனைக்கிறது? ஏதோ நினைவஞ்சலின்னு பொட்டு வச்சுக் குடுத்தோம். அதுக்குக் காசு கூட வாங்கலியேம்மா" என்றார் கடைக்காரர், மனத்தாங்கலோடு.

பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். முதலில் ஒரே சிரிப்பு. "இவரு பொழச்சுட்டாரு", "இந்தா, இந்தம்மாவும் பொழச்சுடுச்சு" என்று நான் ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுரண்டி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். இறந்தவர்களின் படங்களை அப்படியே இன்னொரு பக்கம் வைத்தோம். அம்மா எப்போது வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

நீலச் சட்டைப் படம் அக்காவின் மடிக்கு வந்தது.

அவள் பிளேடைக் கண்ணாடி மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். நான் சுரண்டுவதை நிறுத்தினேன். வெளியே மழை.

"ஏன்டி நிறுத்திட்ட? சொரண்டு" என்றார் அம்மா.

அக்கா அசையவில்லை. "குடுக்கா, நான் பண்றேன்" என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை. அம்மா எழுந்து வந்து அவளுக்கு எதிரே குனிந்து, முகத்தை நேராகப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னம் இரண்டும் நனைந்துவிட்டன.

அம்மா பிளேடை வாங்கிக்கொண்டார். குங்குமம் சீக்கிரம் வந்துவிட்டது. சந்தனம் வரவில்லை. எச்சில் தொட்டு, புடவைத் தலைப்பால் தேய்த்து, மறுபடி சுரண்டினார். கண்ணாடியில் கீறல் விழுந்தது. படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"அம்மா, நாளான்னிக்குத் தொறப்பு விழாம்மா. ஊரு பூரா சொல்லியாச்சு" என்றேன் நான், அசடு மாதிரி.

"செத்தவன் வீட்டுலயா அவ கடை விரிச்சு வச்சிருந்தா? இத்தன நாளும்?"

அக்கா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கண்காட்சி திறக்கவே இல்லை. படங்களை ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீக்கடைக்காரர் தன் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார். அம்மா மூட்டை முடிச்சோடு தலத்தெரு வீட்டுக்கே குடிவந்துவிட்டார், தனியாக. மகன் வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம். அக்கா போனால் கதவைத் திறப்பதில்லை. அதனால் அவள் சமைத்துக் கொடுத்து அனுப்பும் தூக்குவாளியை நான்தான் எடுத்துப்போகிறேன். எனக்குத் திறக்கிறார்.

நேற்று மீன்குழம்பு. அம்மா தூக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அவ தம்பிக்குக் காரியம் பண்ணி முடிச்சுட்டா பாப்பா. எனக்கும் சேத்துப் பண்ணிடச் சொல்லு."

பள்ளிக்கூட வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"அம்மா சாப்புட்டுச்சா?"

"சாப்புட்டாங்கக்கா" என்றேன்.

"ஏதும் சொல்லுச்சா?"

"குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலாம்" என்றேன்.