பிரேமிளாவுக்கு இடது காதில் கேட்டது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிரேமிளா லப்டொப்பைத் திறந்தபோது அதில் சத்தம் இருக்கவில்லை. பெரியவர் ஒருவர் குளக்கட்டுக்கு மண் சுமந்த கதை முதல் நாளோடு முடிந்து, அன்று அடுத்த பதிவு தொடங்கியிருக்க வேண்டும். திரையில் ஒலிப்பதிவு ஓடியது, விநாடிகள் நகர்ந்தன. பேச்சு மட்டும் வரவில்லை.

பிறர் பேசியதைக் கேட்டு எழுத்தாக்குவது அவருடைய தொழில். வவுனியாவில் ஓர் அலுவலகம் வன்னியில் குடியேறியவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்துவருகிறது. பேசுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எழுபத்தேழிலும் எண்பத்துமூன்றிலும் நடந்த இனக்கலவரங்களில் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள். அவர்கள் பேச்சில் தோட்டமும் வன்னியும் கலந்து வரும். முன்பு எழுதிக் கொடுத்தவர்கள் பல இடங்களில் ‘தெளிவில்லை’ என்று அடைப்புக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிரேமிளா வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் இன்னொரு மாதிரியும் பேசி வளர்ந்தவர். அவருக்கு அவை தெளிவாகவே இருந்தன. ஆகவே பரீட்சார்த்தமாக ஆறு பதிவுகளை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆறும் வந்து சேர்ந்தால், மீதி நாற்பதும் அவருக்கு. நாற்பது என்றால் ஒரு வருட வேலை. செவ்வாயன்று ஆறில் இரண்டுதான் முடிந்திருந்தன.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. கிளிநொச்சி மலையாளபுரத்தில் தாய் சுப்பம்மாவுடன் இருக்கிறார். தகப்பன் ராஜரத்தினம் மாத்தளையில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, இரண்டாயிரத்துப் பதினான்கில் இறந்தார். பிரேமிளா உயர்தரம் முடித்து, கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதி, யுத்தம் முடிந்து முகாமில் பதினொரு மாதம் இருந்து, திரும்பி வந்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவு பதிந்து, அது மூடப்பட்டதும் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் தைத்து, பிறகு இந்த வேலைக்கு வந்தார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது என்று சொல்வார். மேற்கொண்டு ஒருவரும் கேட்பதில்லை.

லப்டொப் முதலில் என்னுடையது. நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள், நான் இப்போது வெளிநாட்டில். ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் வைத்து இரண்டாயிரத்துப் பதினெட்டில் அதை அனுப்பினேன், அப்போதே அதற்கு ஐந்து வயது. இங்கே எழுதுபவை அந்த நான்கு நாட்களில் அவர் அனுப்பிய குரல் தகவல்களிலிருந்தும் பிறகு கேட்டறிந்ததிலிருந்தும் வந்தவை. புதிதாக ஒன்று வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று நான் மூன்று தடவை எழுதினேன். வந்த பதில் இது:

“நீ ஒண்டும் அனுப்பாத. அது வந்து, நான் வாங்கி, எல்லாம் ஏத்தி முடிக்க வெள்ளி போயிடும். எனக்குப் புதுசு தேவையில்ல, சத்தம்தான் தேவை.”

முதலில் அவர் ஹெட்செற்றைச் சந்தேகப்பட்டார். பழையது, வயர் இத்துப்போயிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளையின் ஹெட்செற்றை வாங்கிச் செருகினார். அது முழுதாக உள்ளே போகவில்லை. எதையும் செருகாமல் பார்த்தார், லப்டொப்பின் சொந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை. நிறுத்தித் திரும்பப் போட்டார். சத்தம் வராத லப்டொப்பைத் திருத்துவது எப்படி என்று ஒருவர் தமிழில் விளக்கும் காணொளியை அந்த லப்டொப்பிலேயே திறந்து, இரண்டு நிமிடம் அவர் வாயசைப்பதைப் பார்த்த பிறகுதான் தன் மடத்தனம் பிரேமிளாவுக்கு உறைத்தது.

“ஊமையாயிருச்சா?” என்று சுப்பம்மா குசினியிலிருந்து கேட்டார்.

பதிவுகளைக் கைபேசியில் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் வேறு எந்தக் கருவியிலும் ஏற்றமாட்டேன் என்று அலுவலகத்துக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தார். கதை சொன்னவர்கள் சிலர் பெயர் வெளியில் வரக்கூடாது என்ற நம்பிக்கையில்தான் பேசியிருந்தார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் எழுதினேன். அவர் ஏற்றவில்லை.

புதன்கிழமை காலை செந்தூரனின் ஓட்டோவில் கிளிநொச்சி ரவுணுக்குப் போனார். செந்தூரன் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். எந்த நேரமும் இடது காதில் ஒரு வயரைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி ஓடுவார். வலது காது அவருக்குக் கேட்காது. இறுதிப் போரில், மாத்தளனில் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அப்படி. அதனால் அவருடைய ஓட்டோவில் ஏறுபவர்கள் இடப்பக்கம் தள்ளி இருந்து பேசுவார்கள்.

முதலில் போன கடையில் லப்டொப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசையில் இருந்தவர் இரண்டு பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு, உள்ளே மதர்போர்ட் போய்விட்டது, மாற்ற முப்பத்தையாயிரம் வரும், இந்த வயதுக்கு அது வீண், வேறு ஒன்று எடுங்கள் என்று கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். பிரேமிளாவின் கைப்பையில் மூவாயிரம் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தார்.

சந்தைக்குப் பின்னால் தையல் கடை ஒன்றின் முன்விறாந்தையில் பைறூஸ் மேசை போட்டிருக்கிறார். சொந்த ஊர் தண்ணீரூற்று. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போய், புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். றேடியோ திருத்தப் பழகி, பிறகு போன், பிறகு மற்றதெல்லாம். பிரேமிளா லப்டொப்பை வைத்ததும் அவர் அதை இயக்கவில்லை. சின்ன டோர்ச் ஒன்றை எடுத்து, ஹெட்செற் செருகும் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இதுக்குள்ள ஒராள் குடியிருக்கிறார். பழைய ஹெட்செற் எங்க?”

அது லப்டொப் கொண்டுவந்த பைக்குள்ளேயே இருந்தது. பைறூஸ் அதன் செருகும் பின்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நுனி இல்லை. முறிந்து உள்ளே தங்கிவிட்டது. துளைக்குள் ஏதோ இருப்பதால் லப்டொப் இன்னும் ஹெட்செற் செருகியிருப்பதாகவே எண்ணிக்கொண்டு, ஒலிபெருக்கியை அடக்கி வைத்திருந்தது. பின்னில் நுனி குறைந்திருப்பதைப் பிரேமிளா இரண்டு நாளாகக் கவனிக்கவில்லை. எப்படி முறிந்தது, கீழே போட்டதா என்று பைறூஸ் கேட்டார். போடவில்லை என்றார் பிரேமிளா. பிறகு, கழற்றாமலே பையில் வைக்கிறவள் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேமிளா வீட்டில் பின்னேரம் விளக்கு வைத்ததும் முக்கியமானவை எல்லாம் ஒரே பைக்குள் போகும். அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணிப் பெர்மிட், வங்கிப் புத்தகம், சுப்பம்மாவின் சீனி வருத்த மருந்து. முகாமிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். லப்டொப் வந்ததும் அதுவும் அந்தப் பைக்குள் போனது. எதையும் அதன் வயரிலிருந்து பிரிப்பதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், இடம்பெயர்ந்து இருந்த வட்டக்கச்சியிலிருந்து வெளிக்கிட்டபோது ராஜரத்தினம் றேடியோவைத் தூக்கிக்கொண்டார், வயர் சுவரில் தொங்கியது. அந்த றேடியோவை நாலு இடத்துக்குச் சுமந்தார்கள். ஒரு இடத்திலும் அது பாடவில்லை. ஆகவே ஏழு வருடமாக ஒவ்வொரு நாளும் ஹெட்செற் செருகியபடியே, பெர்மிட்டுக்கும் மருந்துக்கும் இடையில் லப்டொப் திணிக்கப்பட்டு, ஒவ்வொரு நாள் காலையும் இழுத்து எடுக்கப்பட்டது. இவ்வளவு காலம் பின் தாங்கியதே பெரிய காரியம்.

பைறூஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தது பிரேமிளாவைப் பார்த்து அல்ல.

“எங்கட உம்மா தொண்ணூறில வீட்டுச் சாவி, அலுமாரிச் சாவி, பெட்டகச் சாவி எல்லாம் இடுப்பில செருகிக்கொண்டு வந்தவ. இருபது வருசம் வச்சிருந்தவ. திரும்பிப் போய்ப் பாத்தா, கதவே இல்ல.”

பேனையின் மைக்குழாய் ஒன்றை வெட்டி, முனையில் பசை தொட்டு, துளைக்குள் விட்டு, ஒட்டும்வரை அசையாமல் பிடித்திருந்தார். முதல் தடவை வெறுங்குழாய் வந்தது. இரண்டாவது தடவையும் அதுதான். மூன்றாவது தடவை நுனி வந்தது, ஒரு நெல்மணியளவு. ஆனால் இவ்வளவு நாள் அழுத்தியதில் உள்ளே இருந்த மெல்லிய தகடு ஒன்று வளைந்திருந்தது. ஒலிபெருக்கி இன்னும் பேசவில்லை. புது ஹெட்செற் ஒன்றைச் செருகினால் இடப்பக்கம் மட்டும் கேட்டது. அந்தத் துண்டை மாற்றலாம், கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை. வேறு துளையில் செருகிச் சத்தம் எடுக்கும் சின்ன ஒலிக்கட்டை இருக்கிறது, மலிவு, அதுவும் திங்கட்கிழமைதான் வரும்.

“ஒரு காது காணுமே, தங்கச்சி?”

“காணும் பைறூஸ் நானா. கதை கேக்கிறதுக்குத்தானே.”

அந்தப் புது ஹெட்செற்றோடு சேர்த்து அறுநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார்.

காணவில்லை, ஒரு காது போதவில்லை. வீட்டில் மூன்றாவது பதிவைத் திறந்ததும் பேட்டி எடுத்த பெண்ணின் கேள்வி தெளிவாகக் கேட்டது: நீங்கள் இங்கே வந்த முதல் நாள் எங்கே படுத்தீர்கள்? அதன் பிறகு நாலு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, சரி, அதன் பிறகு? மறுபடி அமைதி. கேட்டவருக்கு ஒரு மைக், சொன்னவருக்கு ஒரு மைக் என்று பதிவு செய்திருந்தார்கள். கேள்விகள் இடப்பக்கம், பதில்கள் வலப்பக்கம். முதல் இரண்டு பதிவுகளிலும் இரண்டு காதிலும் கேட்டதால் பிரேமிளா அதை யோசித்ததே இல்லை. இப்போது அவர் கையில் இருந்தவை கேள்விகள் மட்டும். சத்தத்தை முழுதாகக் கூட்டினால், கேட்டவருடைய மைக்கில் தூரத்தில் ஒரு முனகல் பிடிபட்டது. ஒரு சொல்லும் பிரிக்க முடியவில்லை.

சுப்பம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கேக்குற பக்கத்த மத்தக் காதுல மாட்டிப் பாரேன் புள்ள.”

பிரேமிளா ஹெட்செற்றைத் திருப்பி மாட்டினார். இதை அவர் எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை. அந்த நேரம் அதுவும் ஒரு வழியாகத்தான் தெரிந்தது என்றார். கேள்விகள் வலது காதில் கேட்டன.

அன்று பின்னேரம் அவர் வவுனியாவுக்கு ஒரு கடிதம் றைப் பண்ணத் தொடங்கினார். இரண்டு பதிவுகளே முடிந்தன, கருவிக் கோளாறு, வேறொருவரிடம் கொடுங்கள். அனுப்பவில்லை. எனக்கு வந்த குரல் தகவலில் அரை நிமிடம் கோழிச் சத்தம் மட்டும் இருந்தது, பிறகு, “நாளைக்குப் பாப்பம்” என்றார். ஹெட்செற்றுகளைப் பற்றி இணையத்தில் நான் அன்று படித்தவை ஒன்றுக்கும் உதவவில்லை.

வியாழன் காலை செந்தூரன், சுப்பம்மாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிப்போக வந்தார். சுப்பம்மா வெளிக்கிடும்வரை ஓட்டோவில் இருந்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரேமிளா வாசலில் நின்று பார்த்தார். இடது காதில் வயர், வலது வயர் சும்மா சட்டைப்பையில். இடப்பக்கம் போய் நின்று கேட்டார்.

“தம்பி, உமக்குப் பாட்டு முழுசாக் கேக்குதோ?”

“ஓம் அக்கா. ஏன்?”

“மற்றப் பக்கத்தில வாற சத்தம்?”

செந்தூரன் போனை எடுத்து நீட்டினார். முந்தி பாதிதான் கேட்கும் என்றும், ஒரு பாட்டில் பெண் பாடுகிற இடம் அவருக்கு வெறும் மிருதங்கம்தான் என்றும், அந்தப் பாட்டில் பெண் இருப்பதே தெரியாமல் இரண்டு வருடம் கேட்டதாகவும் சொன்னார். ஒரு காது கேளாதவர்களுக்காக போனுக்குள் ஒரு இடம் இருக்கிறது. அதைத் தட்டினால் இரண்டு பக்கச் சத்தமும் சேர்ந்து ஒரே பக்கத்தால் வரும். காது பரிசோதிக்க வந்த டொக்டர் ஒருவர் காட்டிக் கொடுத்தது.

“உங்கட பெட்டியிலயும் இருக்கும். எங்களை மாதிரி ஆக்கள் எல்லா நாட்டிலயும் இருக்கினம்தானே.”

இருந்தது. பார்வை குறைந்தவர்களுக்கு, கை நடுங்குபவர்களுக்கு என்று அடுக்கியிருந்த பட்டியலின் கீழே ஒரு சின்ன சுவிட்ச். ஏழு வருடமாகப் பிரேமிளா அந்தப் பக்கம் போனதில்லை. அதைத் தட்டிவிட்டு மூன்றாவது பதிவைத் திரும்பத் தொடங்கினார். முதல் நாள் எங்கே படுத்தீர்கள்? பாலைமரத்துக்குக் கீழே, என்றார் இடது காதில் ஒரு பெண். பிள்ளைகளை நடுவில் போட்டு, சுற்றிவரச் சாம்பல் தூவி, பாம்புக்கு.

வியாழன் முழுக்கவும் வெள்ளி விடியலிலிருந்தும் எழுதினார். இரண்டு குரலும் ஒரே காதுக்குள் வந்து விழுந்ததால், இருவரும் சேர்ந்து பேசும் இடங்களில் நாலு ஐந்து தடவை திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. சுப்பம்மா சாப்பாட்டைக் கதிரையில் வைத்துவிட்டுப் போவார், ஆறியபின் எடுத்துப் போவார். வெள்ளி நாலு ஐம்பதுக்கு ஐந்து பதிவுகள் முடிந்திருந்தன. ஆறாவதில் இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். பிரேமிளா ஐந்தையும், முடிந்த அளவு ஆறாவதையும் அனுப்பினார். கூடவே நடந்ததை எழுதினார்: பின் முறிந்தது, ஒரு காதில் கேட்டு எழுதியது, அதனால் பேச்சு மோதும் இடங்களில் பிழை இருக்கலாம், அந்த இடங்களுக்கு மஞ்சள் அடித்திருக்கிறேன். சாக்குப்போக்கு மாதிரி இருக்கும், எழுதாதே என்றேன். அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் காட்டினார் என்பது பிறகு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து அனோஜா என்ற உத்தியோகத்தர் அழைத்தார். எழுத்து திருப்தி, மஞ்சள் அடித்த இடங்களில் இரண்டே இரண்டுதான் பிழை. ஆனால் ஆறும் முடியாததால் நாற்பதையும் ஒருவருக்கே கொடுக்க மேலிடம் விரும்பவில்லை. இருபது பிரேமிளாவுக்கு, இருபது யாழ்ப்பாணத்தில் இன்னொருவருக்கு.

இருபது என்றால் அரை வருடம். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அனோஜா இரண்டு தடவை கேட்டார்.

“இல்ல மிஸ், கேக்குது. எந்த இருபது எண்டு பிரிச்சிட்டீங்களோ?”

இன்னும் இல்லை என்றார் அனோஜா.

“அப்ப தோட்டத்து ஆக்கள் கதைக்கிறதை எனக்குத் தாங்கோ. மற்றவர் அதுகளைத் தெளிவில்லை எண்டு போட்டிடுவார்.”

அனோஜா எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்தால் இருபத்தேழு வருமே என்றார்.

“அப்ப இருபத்தேழு,” என்றார் பிரேமிளா.

மேலிடத்திடம் கேட்டுச் சொல்வதாக அனோஜா வைத்தார். வியாழக்கிழமை வந்த பட்டியலில் இருபத்தாறு இருந்தன. விடுபட்டது எது என்று பிரேமிளா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.