தாழிக்குள்ளிருந்து வந்த பதில்

நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான். பேய்க்கு நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். எனக்கு இது நடந்தது மாலை நாலு மணிக்கு. நல்ல வெளிச்சம். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏத்தெரி. ஜார்ஜியாவில், தெலாவிக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டம். அறுவடைக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒயின் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொடுத்தேன். பழம் பறிப்பது, மிதிப்பது, கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழியில் சாற்றை ஊற்றுவது, எல்லாம் அவர்கள் கையாலேயே. ஆளைவிட உயரமான தாழிகள். கழுவ வேண்டுமென்றால் ஆள் உள்ளே இறங்க வேண்டும்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மேலே நிற்பவர் "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த நொடியே கயிற்றை இழுக்க வேண்டும். இன்னொன்று. பக்கத்துத் தாழியில் சாறு பொங்க ஆரம்பித்துவிட்டால், யாரும் எதிலும் இறங்கக் கூடாது. பொங்கும் சாற்றிலிருந்து வரும் நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும்.

எல்லாத் தாழிகளையும் ஆகஸ்டிலேயே கழுவிவிட்டோம். ஒன்றை மட்டும் வகுப்பில் காட்டுவதற்காக நான்தான் விட்டு வைத்தேன். அன்று அதைச் சுற்றி மூன்று தாழிகள் பொங்கிக்கொண்டிருந்தன.

"வேண்டாம்க்கா," என்றான் தம்பி கோச்சா. "அடுத்த வருஷம் காட்டிக்கலாம்."

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. சும்மா அனுப்பச் சொல்றியா? நீ பொண்டாட்டிக்குத்தான் பயப்படுவேன்னு நெனச்சேன். பானைக்குமாடா?"

அதோடு விட்டேனா? வந்தவர்களுக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

என் நாக்கில் சனி. வேறென்ன சொல்ல.

4:10. இறங்கினான். செர்ரிப் பட்டைத் தூரிகை சுவரில் உரசும் சத்தம். சரக்... சரக்...

"இருக்கியா?"

"இருக்கேன்."

4:13. மறுபடி கேட்டேன்.

"இருக்கேன்."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. தாழிக்குள் யார் பேசினாலும் அப்படித்தான் கேட்கும்.

4:16. அழுக்குத் தண்ணீரை எடுக்க வாளியை மேலே இழுத்தேன். நான் இறக்கிய தண்ணீர் அப்படியே வந்தது. தெளிவாக.

"தூங்குறியாடா?"

"இருக்கேன்."

சரக்... சரக்...

கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். வகுப்பைத் தொடர்ந்தேன்.

4:20. மரிட் என்ற டச்சுக்காரப் பெண் என் கையைத் தொட்டாள்.

"உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்தன்தான்."

தாழியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

4:22. "இருக்கி..." நான் முடிக்கவில்லை.

"இருக்கேன்."

4:23. நான் வாயே திறக்கவில்லை.

"இருக்கேன்."

கயிற்றை இழுத்தேன். கனத்தது.

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

கோச்சா உட்கார்ந்திருந்தான். முகம் மேலே பார்த்தபடி. கண் திறந்திருந்தது. தூரிகை அவன் காலடியில் கிடந்தது.

சரக்... சரக்...

அவன் உதடு அசையவில்லை.

"இருக்கேன்."

ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே எடுத்தபோது 4:31.

"அந்தக் காத்துல ரெண்டு மூச்சு போதும்மா," என்றார் டாக்டர். "எறங்கின நாலஞ்சு நிமிஷத்துலயே முடிஞ்சிருக்கும்."

"அப்ப எனக்குப் பதில் சொன்னது யாரு?"

அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

எட்டுப் பேரும் போலீசில் ஒன்றையே சொன்னார்கள். கடைசிவரை பதில் வந்ததாம். அதனால் என்மேல் குற்றம் இல்லையாம். கோச்சாவின் மனைவி மட்டும் இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை. அவள் செய்வதுதான் சரி.

பிப்ரவரியில் மரிட் ஒரு வீடியோ அனுப்பினாள். அன்று போனில் எடுத்ததாம். அனுப்பலாமா வேண்டாமா என்று நாலு மாதம் யோசித்தாளாம்.

4:13-இல் அந்தத் தடித்த குரல் "இருக்கேன்" என்கிறது. ஒலியைக் கூட்டி, காதோடு வைத்துக் கேட்டேன். அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். மூச்சு வாங்கும் குரல். என் தம்பியுடையது.

"அக்கா... தூக்கு... அக்கா..."

அதற்கு மேல் என் குரல், சிரித்துக்கொண்டே.

"நல்லாத் தேய்டா."